பெரியப்பா குடும்பத்தின் நிறைகுறைகள்

மதுரையில் கீழவாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோ. அங்கே சௌரிராஜனுக்கு வேலை, மற்றவர்கள் முகத்தில் ஆண்டவன் விட்ட பிழைகளைத் திருத்துவது. தொழிலில் இதற்கு 'டச்சிங்' என்று பெயர். முதலில் நெகட்டிவின்மேல் ஊசிமுனைப் பென்சிலால் செய்துகொண்டிருந்தவர், கம்ப்யூட்டர் வந்ததும் அதே காரியத்தை மவுஸால் செய்தார். கருவி மாறியது, கொள்கை மாறவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படத்தில் மரு இருக்கக் கூடாது. பெண் வீட்டுக்குப் போகிற படத்தில் அம்மைத் தழும்பு இருக்கக் கூடாது. செத்துப்போனவர் படத்தில், சாகும்போது இருந்த களைப்பு இருக்கவே கூடாது.

ஒருமுறை முனிச்சாலையில் ஒருவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அவருடைய மனைவி, ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்துச் சுற்றுவட்டார பஸ் ஸ்டாண்டுகளில் எல்லாம் ஒட்டினாள். ஆள் உசிலம்பட்டிச் சந்தையில், அந்த நோட்டீஸுக்குக் கீழேயே உட்கார்ந்து வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தார். நெற்றியில் இருந்த வெட்டுத் தழும்பைச் சௌரிராஜன் எடுத்துவிட்டிருந்தபடியால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்றுகூடச் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு ரவுடிக் குடும்பத்தைப் பற்றிப் படக்கதை செய்தார். அந்தக் கதைதான் அவருடைய வாழ்க்கையில் அவர் செய்த ஒரே சொந்த வேலை. மற்றதெல்லாம் அடுத்தவர் முகம்.

காரணம் அவருடைய தம்பி ஹரிஷ்குமார். அண்ணனுக்குப் பதினாறு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், சௌரிராஜனும் அவர் மனைவி ராதாமணியும்தான் அவனைப் பந்தடித் தெரு வீட்டில் வளர்த்தார்கள். வீட்டில் சௌராஷ்டிர மொழி, தெருவிலும் அதே. பள்ளிக்கூடத்துக்குப் போனபோதுதான் ஊரில் தமிழ் என்று ஒன்று இருப்பதும், தான் அதைப் பேசினால் பயல்கள் சிரிப்பதும் அவனுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் சிரித்தார்கள். பிறகு, இருபத்திரண்டாம் வயதில், சிரிக்காத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தான்.

அந்த இடம் ஒரு மரக்கடையின் பின்கட்டு. அங்கே இருந்தவரை எல்லோரும் 'சித்தப்பா' என்று கூப்பிட்டார்கள். அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் சித்தப்பாவாக இருக்க முடிந்தது. கடையைக் காலி செய்யாதவரைக் காலி செய்ய வைப்பது, சொத்துத் தகராறில் இரண்டு பக்கமும் சம்மதிக்காத ஒரு முடிவுக்கு இரண்டு பக்கத்தையும் சம்மதிக்க வைப்பது ஆகியவை அவருடைய தொழில்கள். அவரைச் சுற்றி அண்ணன்கள், மாப்பிள்ளைகள், பங்காளிகள், மச்சான்கள் என்று ஒரு குடும்பமே உண்டு. இரத்த உறவு என்று பார்த்தால் அதில் ஒருவருக்கும் ஒருவர் இல்லை. இரத்தம் வேறு வகையில் சம்பந்தப்பட்டிருந்தது.

மதுரையில் ஒருவனை 'மாப்ள' என்று கூப்பிடுவதற்குச் செலவே கிடையாது. அப்படிக் கூப்பிட்டவனெல்லாம் பெண் கொடுக்க வேண்டும் என்றால் ஊரில் பெண் மிஞ்சாது. ஆனால் ஹரிஷ்குமார் அந்தச் சொல்லை அகராதிப்படி எடுத்துக்கொண்டான். தனக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டதாக நினைத்தான். ஆறு மாதத்தில் அண்ணனிடமும் மதினியிடமும் தமிழிலேயே பேச ஆரம்பித்தான். "வாரேன்", "போறேன்", "அம்புட்டுத்தேன்" என்று மூன்று சொல்லில் குடும்பம் நடத்தினான். ராதாமணி வீட்டுப் பாஷையில் கேட்டால் தமிழில் பதில் வரும். அவன் இடுப்பில் கத்தி இருப்பது தெரிந்தபோதுகூட அவள் அவ்வளவு அழவில்லை.

சௌரிராஜன் கெஞ்சிப் பார்த்தார். திருமங்கலம் ரோட்டில், திருநகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்து வைத்தார், அவன் போகவில்லை. பிறகுதான் அந்த யோசனை வந்தது. கல்யாண ஆல்பங்களை சிடியில் போட்டுக் கொடுக்கும்போது, ஒரு பட்டனை அமுக்கினால் முகூர்த்தம், இன்னொன்றை அமுக்கினால் வரவேற்பு என்று படங்கள் வருமாறு அவர் அமைப்பதுண்டு. அதே மாதிரி ஒரு கதை செய்தால் என்ன? திரையில் படம், கீழே நாலு வரி, அதற்கும் கீழே இரண்டு மூன்று பட்டன்கள். 'அடி', 'கத்தியை எடு', 'தலைவரிடம் சொல்' என்று எதை அமுக்கினாலும் கதை அந்தப் பக்கம் போகும். எந்தப் பக்கம் போனாலும் நாயகன் சாகிறான், அல்லது ஜெயிலுக்குப் போகிறான், அல்லது கால் போகிறது. சொன்னால் கேட்காதவன் அமுக்கினால் கேட்பான் என்பது அவர் கணக்கு.

ஒரே ஒரு வழி மட்டும் தப்பிக்கும். மூன்று இடத்தில் நாயகனை ஒருவன் கேவலமாகப் பேசுவான். அந்த மூன்று இடத்திலும் 'பேசாமல் போ' என்ற பட்டன் இருக்கும். மூன்றிலும் அதை அமுக்கினால் ஒரு பஸ் வரும். நாயகன் ஏறிப் போய், வேறு ஊரில் டெலிபோன் பூத் வைத்துப் பிழைத்துக்கொள்வான். அந்த வழியை அவர் யாருக்கும் சொல்லவில்லை. தம்பி அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

நாயகனாகத் தம்பியையே நடிக்கச் சொன்னார். அவன் அப்படிச் சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததில்லை. பஸ் வருகிற முடிவுக்கு மட்டும் அவனைக் கூப்பிடாமல், வேறு படத்திலிருந்து அவன் உருவத்தை வெட்டி ஒட்டிக்கொண்டார். ரவுடித் தலைவரின் வேடத்துக்குத் தெருவில் இருந்த துளசிராம் மாமா கிடைத்தார். சாயப்பட்டறையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெங்காயம்கூடச் சாப்பிடாதவருக்கு ஆண்டவன் அப்படியொரு மீசையைக் கொடுத்திருந்தான். புரட்டாசி மாதம் என்பதால் கையில் கத்தி பிடிக்க மாட்டேன் என்றார். மதுக் கிண்ணத்தைத் தொடவே மாட்டேன் என்றார்; ஆகையால் கதையின் தலைவர் எல்லாக் கொலைகளையும் மோர் குடித்துக்கொண்டே திட்டமிட்டார். உண்மை ஆளைப் பற்றி என்று தெரிந்துவிடக் கூடாதே என்று, தலைவரைச் 'சித்தப்பா' என்று சொல்லாமல் 'பெரியப்பா' என்று வைத்தார் சௌரிராஜன். மறைத்த லட்சணம் அவ்வளவுதான். கதைக்கும் அதுவே பெயராயிற்று: 'பெரியப்பா குடும்பம்'.

படங்களை எடுத்து முடித்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது கை தன் வேலையைக் காட்டிவிட்டது. ஹரிஷ்குமாரின் கன்னத்தில் உண்மையாகவே ஒரு கீறல் இருந்தது; எடுத்தார். துளசிராம் மாமாவின் கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, எடுத்தார். அடியாட்களாக நின்ற ஸ்டுடியோப் பையன்களின் பருக்களை எடுத்தார். கொலையுண்டு கிடக்கிறவனின் முகத்தில் இருந்த புழுதியையும், தன்னை அறியாமல், எடுத்தார். குங்குமத்தைக் கரைத்து ஊற்றிய இரத்தம் மட்டும் இருந்தது. அதுவும் நல்ல நிறத்தில். ரவுடிக் குடும்பம் கல்யாண ஆல்பம் மாதிரி வந்திருந்தது.

முதல் சிடியை முனிச்சாலையில் நெட் சென்டர் வைத்திருந்த சிஹாபுதீனிடம் கொண்டுபோனார். சிஹாபுதீன் அவருடைய பள்ளிக்கூடத் தோழர். நண்பனின் வேலையைப் பாராட்டுவது நட்புக்குத் துரோகம் என்று நினைப்பவர். முழுதும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சௌரி, கோவிச்சுக்கிராத. நிறைகள மொதல்ல சொல்லிர்றேன். ஆளுக அம்புட்டுப் பேரும் ராஜா கணக்கா இருக்காங்ய. பேச்சு நல்லா இருக்கு. அந்தப் பெரியப்பா ஒரு பார்வ பாக்குறாரு பாரு, எனக்கே அவருகிட்ட வேலைக்குச் சேரலாமான்னு இருக்கு."

"சரி. குறை?"

"அதத்தேன் சொல்லிட்டேனே."

சௌரிராஜனுக்கு உடனே விளங்கவில்லை. சிஹாபுதீன் தொடர்ந்தார். "ரெண்டாவது, அந்தக் கடைசிப் பஸ். தப்பிச்சு எங்க போறான் உன் ஆளு?"

"சமயநல்லூர்."

"சமயநல்லூர். டவுன் பஸ்ல ஏறி ஒரு தூக்கம் போடுறதுக்குள்ள வந்துரும். சித்தப்பா ஆளுக டீ குடிக்க அங்க போறாங்யப்பா. அந்த ஊருக்கா தப்பிச்சுப் போறது?"

"ஞாயித்துக்கெழமதான் லீவு. மொபெட்ல அம்புட்டுத் தூரந்தான் போய்ப் படம் எடுக்க முடிஞ்சது."

"அப்ப உன் தம்பியோட நசீபு, தலையெழுத்து, உன் மொபெட்ல இருக்குற பெட்ரோல் அளவுதேன்னு சொல்லு," என்றார் சிஹாபுதீன். பிறகு, அது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதாகத் தோன்றியதோ என்னவோ, டீ சொன்னார்.

ஆனால் சிடியைத் தன் சென்டரில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைத்தார். ஒரு மாதத்தில் முனிச்சாலை, கீழவாசல், காமராஜர் சாலை என்று அது பரவியது. ஆளாளுக்குக் காப்பி போட்டார்கள். சௌரிராஜன் சாயங்காலம் போய்த் தடுப்புப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். முன்னால் நாலைந்து பயல்கள் ஒரே திரையை மொய்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒருவன் கையில் மவுஸ், மற்றவர்கள் வாயில் யோசனை.

"டேய், கெட்ட வார்த்த சொல்லிட்டாண்டா. அமுக்கு அமுக்கு."

"எத அமுக்க? அடிக்கவா, கத்தியா?"

"கத்திக்குப் போ மாப்ள. அடிச்சா கையி வலிக்கும்."

"அந்தா மூணாவதா ஒண்ணு இருக்கே, பேசாமல் போ."

எல்லோரும் சிரித்தார்கள். மவுஸ் வைத்திருந்தவன் திரும்பி, "அத உங்க ஆத்தாளக் கூட்டியாந்து அமுக்கச் சொல்லு," என்றான். இன்னும் கொஞ்சம் சிரிப்பு.

அன்றைக்குத்தான் சௌரிராஜனுக்குத் தன் கதையின் அமைப்பில் இருந்த தவறு தெரிந்தது. வைகைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஒருவன் தன்னைக் கேவலமாகப் பேசியபின் வாயைப் பொத்திக்கொண்டு போகிற பட்டனை எவனும் அமுக்கப் போவதில்லை. உண்மையில் போகாதவனா, கதையில் போவான்? அதிலும் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தினமும் பார்த்தார், அந்தப் பஸ் ஒரு திரையிலும் வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வெயிலில் நின்று எடுத்த சமயநல்லூர்ப் படங்களை உலகத்தில் அவரும் சிஹாபுதீனும் தவிர யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஹரிஷ்குமாரும் பார்த்தான், சாவுகளைத்தான். எல்லாச் சாவையும் தேடித் தேடிச் செத்தான். அதில் அவனுக்குப் பிடித்தது, சந்தைத் தெருவில் வெட்டுப்பட்டு விழுகிறவனின் தலையை மடியில் எடுத்துவைத்துப் பெரியப்பா அழுகிற இடம்.

"அந்தச் சாவு நல்லா இருக்குண்ணே," என்றான், ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "நமக்குன்னு ஒரு ஆளு அழுகுதுல்ல."

துளசிராம் மாமா செத்தவனைத் தொட்டால் தலைமுழுக வேண்டும் என்று, நடிப்புக்குக்கூட மறுத்துவிட்டார். படத்தில் அந்தத் தலையைத் தாங்கியிருந்த கைகள் சௌரிராஜனுடையவை. அவற்றைத் தனியாகப் படம் எடுத்து, வெட்டி மாமாவின் தோளில் ஒட்டியிருந்தார். அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தார், தம்பிக்கு அடையாளம் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் மரக்கடையிலிருந்து ஆள் வந்தது. சித்தப்பா கூப்பிடுகிறார். ராதாமணி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சௌரிராஜன் வேர்த்துக்கொண்டே போனார்.

சித்தப்பா நேரில் சின்ன ஆளாக இருந்தார். தலையில் எண்ணெய் வழிந்தது. "வாங்க டச்சிங்காரரே, உக்காருங்க. நம்மளப் பத்திப் படம் புடிச்சிருக்கீகளாம்ல?"

"அது சும்மா கற்பனைங்க. அதுல வர்றவரு பெரியப்பா."

"அதத்தேன் சொல்ல வந்தேன். நானும் இம்புட்டு வருசமா சித்தப்பாவாவே கெடக்கேன். ஒரு பய ஏத்தி விடல. நீங்கதேன் ஒரு படி ஏத்தி விட்டிருக்கீக." சுற்றி நின்றவர்கள் சிரிக்கலாமா என்று பார்த்து, பிறகு சிரித்தார்கள். "ஒண்ணே ஒண்ணுதேன் இடிக்குது. கூட்டத்துல உக்காந்து மோரு குடிக்கிறாரே, நாங்க என்ன மோரா குடிக்கிறோம்?"

"நடிச்சவரு குடிக்க மாட்டேன்னுட்டாருங்க."

"இல்ல இல்ல, இருக்கட்டும். அது ஒரு கௌரவமாத்தேன் இருக்கு."

அடுத்த வாரத்திலிருந்து சித்தப்பா ஆட்கள் நடுவே டம்ளரில் மோர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மீசையையும் வளர்த்தார். வெங்காயம் சாப்பிடாத துளசிராம் மாமாவிடமிருந்து ஒரு ரவுடி கம்பீரம் கற்றுக்கொண்டது மதுரையிலே மட்டும்தான் நடக்கும். அவரைப் பார்க்க வருகிற பையன்களின் எண்ணிக்கையும் கூடியது. திருடனைத் திருத்தப் போய் அவனுக்கு வேட்டி துவைத்துக் கொடுத்த கதையாயிற்று.

சௌரிராஜன் விடவில்லை. இரண்டாவது சிடி செய்தார். இந்தத் தடவை முகங்களை அழுக்காக்கினார். எடுத்த கீறலைத் திரும்ப வைத்தார், கண்ணுக்குக் கீழே கறுப்பு வைத்தார், செத்தவன் முகத்தில் ஈ வைத்தார். சந்தைத் தெருச் சாவில் அழுகிற ஆளையே எடுத்துவிட்டார். தெரு நாய் ஒன்று மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். வாழ்நாளில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி செய்த வேலை அது. சிஹாபுதீன் முதலிலிருந்து இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். "இது நல்ல வேல, சௌரி," என்றார்.

பயல்கள் ஐந்து நிமிடம் பார்த்தார்கள். "என்ன பாய், பிரிண்டு சரியில்லையா? பழசப் போடுங்க," என்றார்கள்.

இது நடந்தது இரண்டாயிரத்து நான்கு மாசி வாக்கில். பங்குனியில் ஹரிஷ்குமாரிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. சீக்கிரம் வீட்டுக்கு வந்தான். இடுப்பில் எதையும் சொருகவில்லை. யாராவது வாசலில் வந்து கூப்பிட்டால் தலைவலி என்றான். சௌரிராஜனுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. ரவுடிகள் பெரிதாக ஏதாவது செய்வதற்கு முன்னால் இப்படித்தான் அமைதியாக இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அவருடைய கதையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தார்.

சிஹாபுதீன் ஒரு செய்தி கொண்டுவந்தார். மரக்கடையில், வண்டியை வழியில் நிறுத்திவிட்டான் என்று, பத்துப் பேர் நடுவில் சித்தப்பா ஹரிஷ்குமாரை அறைந்தாராம். "நம்மாளு ஒண்ணும் பேசலயாம். வண்டிய எடுத்து ஓரமா விட்டுட்டுப் போயிட்டானாம்."

"பேசாமப் போனானா?"

"அப்டித்தேன் சொல்றாங்ய."

"அப்ப மனசுக்குள்ள வச்சிருக்கான். என்னைக்குக் கத்திய எடுக்கப் போறானோ."

மூன்றாம் நாள் மத்தியானம். சௌரிராஜன் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். ஹரிஷ்குமார் வந்து அவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மதினி, பசிக்குது" என்றான். ராதாமணியின் கையில் இருந்த கரண்டி நின்றது. அவன் அதை வீட்டுப் பாஷையில் சொல்லியிருந்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு.

அவள் அதைக் கேட்டாள். சௌரிராஜனும் கேட்டார், ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு. ராதாமணி போட்ட சோற்றை அவன் பிசையத் தொடங்கியபோது, பல நாள் பயமும் ஸ்டுடியோவில் காலையில் முதலாளியிடம் வாங்கிய பேச்சும் சேர்ந்து, வாய் முந்திக்கொண்டது.

"ஏன், சித்தப்பா வீட்டுல சோறு போடலயா? அறை மட்டுந்தான் போட்டாரா?"

ஹரிஷ்குமார் நிமிர்ந்து பார்த்தான். கோபமாக இல்லை. எதையோ எண்ணிச் சரிபார்க்கிறவன் மாதிரி பார்த்தான். பிறகு பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கைகழுவினான். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனான்.

"சாப்பிட உக்காந்த பிள்ளைய," என்றாள் ராதாமணி. சோற்றை மூடி வைத்தாள்.

சாயங்காலம் அவள் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டாள். பக்கத்து வீட்டு பிருந்தா கடைத்தெருவுக்குப் போனபோது பார்த்தாளாம்: ஹரிஷ்குமார் தெப்பக்குளம் பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நிற்கிறான், மத்தியானத்திலிருந்து நிற்கிறானாம். கையில் பை ஒன்றும் இல்லை. பஸ் வந்தால் எட்டிப் பார்க்கிறானாம், ஏற மாட்டேன் என்கிறானாம்.

"போய்க் கூட்டிட்டு வாங்களேன்."

"சித்தப்பாவுக்கு எவனையோ நோட்டம் பாத்துக்கிட்டு நிக்கிறான். நான் போனா என்னையும் சேத்து மாட்டிவிடவா? ரெண்டு கல்யாண ஆல்பம் நாளைக்குக் குடுக்கணும், வையி போன."

அந்த ஸ்டாப்புக்கு எதிரில் செல்போன் ரீசார்ஜ் கடை ஒன்று இருந்தது. அதில் கார்த்திகேஷ் என்று ஒரு பையன் வேலை பார்த்தான். அவனுக்கு இருபது வயது. கடையில் அவன் வைத்திருந்த கம்ப்யூட்டரில் 'பெரியப்பா குடும்பம்' எந்நேரமும் ஓடும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் ரோட்டைக் கடந்து வந்து, சிரித்துக்கொண்டே, ஒரு சீட்டையும் பேனாவையும் ஹரிஷ்குமாரிடம் நீட்டியிருக்கிறான். "ஹீரோ சார், ஒரு ஆட்டோகிராஃப்," என்றிருக்கிறான். கேலியாகச் சொன்னான் என்பவர்கள் உண்டு. உண்மையாகவே கேட்டான், அவன் அப்படித்தான் எல்லோரிடமும் சிரிப்பான் என்பவர்களும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அவன் இல்லை. ஹரிஷ்குமாரிடம் கத்தி கிடையாது. பக்கத்தில் இளநீர் வண்டி நின்றது. அதில் அரிவாள் இருந்தது.

பையன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். அவனுடைய அம்மா சீனியம்மாள் வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். சௌரிராஜன் தூரத்தில் நின்று பார்த்தார். பக்கத்தில் போகத் தைரியம் இல்லை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. மூன்றாம் நாள், மாலை போடுவதற்குப் படம் வேண்டும் என்று கார்த்திகேஷின் உறவினர் ஒருவர் அதே ஸ்டுடியோவுக்கு வந்தார். யார் வேலை செய்கிற இடம் என்று அவருக்குத் தெரியாது. பையனின் தாடையில் ஒரு சின்ன மரு இருந்தது. அன்றைக்கு அந்த மருவைச் சௌரிராஜன் தொடவில்லை. அப்படியே பிரேம் போட்டுக் கொடுத்தார்.

சித்தப்பா அழவில்லை. மடியில் தலையைத் தூக்கி வைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை. போலீஸ் கேட்டபோது, மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவன் நம்ம பய இல்லைங்க. ஏதோ படத்துல நடிச்சவன்னு கேள்வி," என்றார். மாப்ள, மச்சான், பங்காளி என்று இருந்த அவ்வளவு பேருக்கும் ஒரே நாளில் உறவு விட்டுப்போயிற்று. உறவு முறைகளைச் செலவில்லாமல் கொடுத்தவர்கள் செலவில்லாமலே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்துச் சௌரிராஜன் ஜெயிலில் மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்கப் போனார். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது குடும்பம், அந்தப் பக்கம் இருபது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. ஹரிஷ்குமார் கத்தவில்லை. வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு, அண்ணன் காதுக்கு மட்டும் எட்டுமாறு வீட்டுப் பாஷையில் பேசினான். பக்கத்தில் நின்ற காவலருக்குப் புரியாது, கேட்காமலும் இருக்கலாம். மதினியைக் கேட்டான். கால்வலி எப்படி என்றான். பிறகு, வேறு பேச்சு இல்லாதது மாதிரி, "உள்ள எல்லாருக்கும் உன் கதை தெரியுதுண்ணே," என்றான்.

"அதை விடு."

"இல்லண்ணே. அதுல ஒரு நல்ல முடிவு இருக்குன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. அதுக்கு எத அமுக்கணும்னு எனக்குத் தெரியும்."

சௌரிராஜன் வலையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாச் சாவும் பாத்து முடிச்சாச்சு. மிச்சம் வேற என்ன இருக்கு? ராத்திரியெல்லாம் அமுக்கி அமுக்கிப் பாத்தேன். மூணு இடத்துலயும் பேசாமப் போகணும். போனா பஸ் வரும்."

"பாத்தியா? எப்ப?"

"மாசிக் கடைசியில. பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எனக்காகத்தான் வச்சிருக்கேன்னு தெரிஞ்சுது. சரி, செஞ்சு பாப்போமேன்னு தோணுச்சு." வலையில் விரலை நுழைத்து எடுத்தான். "டீக்கடையில ஒருத்தன் நம்ம பாஷைய வச்சுக் கேலி பண்ணுனான். பேசாமப் போனேன். மரக்கடையில அறைஞ்சாரு. பேசாமப் போனேன்."

மூன்றாவதை அவன் சொல்லவில்லை. பிசைந்தபடி விட்டுப்போன சோறு சௌரிராஜனுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஒரு பெண் தன் புருஷனிடம் மாடு கன்று போட்டதைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் ஸ்டாப்புல போய் நின்னேன்," என்றான் ஹரிஷ்குமார். "எந்தப் பஸ்ஸுன்னு நீ கதையில போடல. நம்பர் தெரியாம நின்னுக்கிட்டே இருந்தேன். அப்பதான் அந்தப் பையன் வந்தான். கேலி பண்றானா, நிசமாக் கேக்குறானான்னு பாக்குறதுக்கு எனக்குள்ள ஒண்ணுமே மிச்சம் இல்லண்ணே."

காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எல்லோரையும் நகரச் சொன்னார். ஹரிஷ்குமார் நகரவில்லை.

"உன் கதையில மூணோட முடிஞ்சிருது. வெளிய நாலாவது வருது. அது ஒண்ணுதான் குறை." அவன் குரலில் கோபம் இல்லை, சிஹாபுதீன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொல்வாரே, அந்த மாதிரி இருந்தது. "மத்தபடி நல்லா இருக்கு."

வெளியே வேப்பமரத்தடியில் ராதாமணி காத்திருந்தாள். இரண்டு பேருக்கு மனுப் போட்டும், அன்றைக்கு ஒருவரைத்தான் விட்டார்கள். கொண்டுவந்த சோற்றையும் உள்ளே வாங்கவில்லை. தூக்குச்சட்டி அவள் மடியில் இருந்தது.

"என்ன சொன்னான்?"

"உன் கால்வலியக் கேட்டான்."

"தமிழ்லயா?"

"இல்ல," என்றார் சௌரிராஜன்.

அவள் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. பத்து நாளில் அவள் அப்படி இருந்து அவர் பார்க்கவில்லை. அதைக் கெடுக்க வேண்டாம் என்று மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார். அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.